அறுந்த கயிறு

சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே, 4,478 மீட்டர் உயரத்திற்கு நிமிர்ந்து நிற்கிறது மாட்டர்ஹார்ன் சிகரம். மலைக்கு வடக்கே செர்மாட் என்னும் சுவிஸ் சிற்றூர். தெற்கே பிரோய் என்னும் இத்தாலியச் சிற்றூர். உச்சியில் ஆவிகள் உலவுவதாக முற்காலத்தில் அவ்வூர்மக்கள் சிலர் நம்பினர்.

எட்வர்ட் விம்ப்பர் 1840ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். மரக்கட்டையில் படம் செதுக்குவது அவரது தொழில். 1860இல் ஆல்ப்ஸ் மலைகளை வரைந்து வருமாறு ஒரு பதிப்பாளர் அவரை அனுப்பினார். அதுவரை அவர் ஒரு மலையைக்கூட நேரில் கண்டதில்லை. வரையப் போனவர் ஏறத் தொடங்கினார்.

மாட்டர்ஹார்ன் அவரைப் பலமுறை தோற்கடித்தது. 1862இல் தனியே சென்றபோது வழுக்கி, ஏறத்தாழ 60 மீட்டர் உருண்டு விழுந்தார். தலையில் காயம். ஆயினும், ஒரு வாரத்திற்குள் மீண்டும் மலையேறினார். இதைத் துணிச்சல் என்பதா, பிடிவாதம் என்பதா?

இத்தாலிய வழிகாட்டியான ஜான் அந்துவான் கரேல் சில முயற்சிகளில் அவருடன் சென்றவர். 1865 ஜூலையில் கரேல் இத்தாலியர்களுக்காக மலையேறப் புறப்பட்டார். ஏமாற்றமடைந்த விம்ப்பர் செர்மாட்டுக்கு விரைந்தார். அங்கே அவசரமாக எழுவர் குழு ஒன்று உருவானது. அக்குழுவிலிருந்த ஹேடோ என்னும் 19 வயது இளைஞருக்கு மலையேறிய அனுபவம் மிகக் குறைவு.

ஜூலை 14ஆம் நாள் அவர்கள் உச்சியை அடைந்தனர். கீழே வெகுதொலைவில் கரேலின் குழு தெரிந்தது. அவர்களின் கவனத்தை ஈர்க்க விம்ப்பர் கற்களை உருட்டிவிட்டார். கரேல் திரும்பிப் போனார்.

இறங்கும்போது ஹேடோ வழுக்கி, முன்னால் சென்ற வழிகாட்டி குரோஸ் மீது மோதினார். ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்ததால் ஹட்சனும் டக்ளஸும் சேர்ந்து இழுக்கப்பட்டனர். பின்னால் இருந்த டாக்வால்டர், அவருடைய மகன், விம்ப்பர் ஆகிய மூவரும் பாறையைப் பற்றி நின்றனர். இடையில் கயிறு அறுந்தது. நால்வரும் பனிப்பாறைவரை விழுந்து மாண்டனர். டக்ளஸின் உடல் கிடைக்கவே இல்லை.

அறுந்தது, அவர்கள் கொண்டுசென்ற மூன்று வகைக் கயிறுகளில் மிக மெலிந்தது. டாக்வால்டரே அதை அறுத்துவிட்டதாக வதந்தி பரவியது. விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்றது, ஊர்வாய் ஓயவில்லை. அந்தக் கயிற்றின் துண்டை இன்றும் செர்மாட் அருங்காட்சியகத்தில் காணலாம்.

மூன்று நாள் கழித்து, கரேலும் இத்தாலியப் பக்கமாக உச்சியை அடைந்தார். 1880இல் விம்ப்பர் தென் அமெரிக்காவின் சிம்போராசோ சிகரத்தில் முதன்முதலாக ஏறியபோது, அவருக்குத் துணை நின்றவர் அதே கரேல்தான். விம்ப்பர் 1911இல், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள ஷாமோனி என்னும் பிரெஞ்சு ஊரில் காலமானார்.