கடலூர் அஞ்சலையம்மாள்

கொல்லிமலையிலே, செம்மேட்டில், வல்வில் ஓரியின் உருவச்சிலை நிற்பதை நேயர்கள் அறிவர். அவ்வள்ளலுக்கு அச்சிறப்புத் தகும். எனினும் பண்டைப் புலவர்கள் இம்மலையோடு சேர்த்துப் பாடிய உருவம் கொல்லிப்பாவை யென்னும் பெண்ணுருவமேயாம். பாவைக்குப் புகழ் உண்டு. மெய்யாக வாழ்ந்து உழைத்த மாதர்க்கோ சிலை வைப்பார் நெடுங்காலம் அரியராயினர். இதனை எண்ணும்போது, ஒரு சிலையை அகற்றுவதற்காகவே சிறை புகுந்த அஞ்சலையம்மாளின் சரிதம் நம் நினைவுக்கு வருகின்றது.

அம்மையார் 1890 ஆம் ஆண்டில் கடலூர் முதுநகரில் எளிய குடும்பமொன்றிற் பிறந்தார். முருகப்பா என்பாரை மணந்து இல்லறம் நடத்திவந்தவர், 1921 இல் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது பொதுத்தொண்டிற் புகுந்தார். குடும்பத்தின் நிலத்தையும் பொருளையும் தேசத்தின் பொருட்டே செலவிட்டார்.

அக்காலத்தே சென்னை மவுண்ட் ரோட்டில் நீல் என்னும் ஆங்கிலத் தளபதியின் சிலை நின்றது. 1857 ஆம் வருஷத்துப் புரட்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் இந்தியரைக் கொடுமையாக வதைத்தவன் அவன். அத்தகையோனைப் பெருவீதியில் நிறுத்தியது, நாள்தோறும் அவ்வழியே செல்லும் நம் மக்களுக்கு அடிமைத்தனத்தைப் போதித்ததேயன்றி வேறன்று. 1927 இல் அச்சிலையை அகற்றக் கோரித் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினர். அம்மையார் தம் இளம் மகள் அம்மாக்கண்ணுவுடன் அதிற் கலந்து சிறைத்தண்டனை ஏற்றார். காந்தியடிகள் அச்சிறுமிக்கு லீலாவதி யென்று பெயரிட்டுத் தம் ஆசிரமத்திற் சேர்த்துக்கொண்டார்.

பின்னர் உப்புச் சத்தியாக்கிரகத்திலும் அம்மையார் சிறைப்பட்டார். கர்ப்பவதியாய்ச் சிறையிலிருந்த ஒரு சமயம், பிரசவத்துக்காக விடுவிக்கப்பட்டு, மகவீன்றபின் மீண்டும் சிறை சென்றார். அம்மகனுக்கு வழங்கிய பெயர் ஜெயில்வீரன் என்பதாம். 1934 இல் காந்தியடிகள் கடலூருக்கு வந்தபோது, அவரைச் சந்திக்கலாகாதென்று அதிகாரிகள் தடுத்தனர். அம்மையார் பர்தா அணிந்து சென்று அவரைக் கண்டார். 1937 இலும் 1946 இலும் சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1961 இல் காலஞ்சென்றார்.

நீலின் சிலையோ, 1937 இல் காங்கிரஸ் மந்திரிசபை ஏற்பட்டபின் வீதியை விட்டு நீங்கிற்று. இன்று எழும்பூர் அரசாங்க அருங்காட்சியகத்திற் காட்சிப் பொருளாய்க் கிடக்கின்றது. அதனை எதிர்த்த அம்மையாருக்கு இக்காலத்தே கடலூரிற் சிலை எழுந்துள்ளது. ஆயினும், அவர் காலமாகி அரை நூற்றாண்டு கடந்த பின்னரே அது நிறைவேறிற்று.

அன்பர்களே! அரசாங்கத்தை மட்டும் குறைகூறி நாம் தப்புதல் இயலாது. நம் சங்க மண்டபங்களின் சுவர்களை நோக்குவோமாக. தலைவர்களும் தனவந்தர்களும் வரிசையாக விளங்குகின்றனர். நகையை விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார் படம் எத்தனை உண்டு? நம் குடும்பத்துப் பாட்டனாரின் பாட்டனார் பெயரைச் சொல்வோம். அவர் மனைவியின் பெயரைக் கேட்டால் வாய் திறவோம்.

சிலைக்குப் பெரும் பொருள் வேண்டும். பெயரை எழுதிவைக்கக் காகிதமும் மையுமே போதும். முதியோர் உயிரோடிருக்கும்போதே ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் குலமாதரின் பெயரையும் அவர் செய்த காரியத்தையும் கேட்டெழுதி வைப்பாராக. சரிதம் அறியப்படாவிடின், நாளை எழும் சிலையும் பெயரறியாப் பாவையாகவே நிற்கும்.