கடலில் கோடு கண்ட வாலஸ்

எந்த உயிரினம் எங்கே வாழ்கிறது, ஏன் அங்கே வாழ்கிறது என்று ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். 1823-ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டில் பிறந்தார். வறுமையால் 14 வயதிற்குள் பள்ளிப் படிப்பை விட்டார்.

1848-இல் அமேசான் காடுகளுக்குச் சென்று நான்கு ஆண்டுகள் பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்தார். 1852-இல் தாயகம் திரும்பும்போது நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியது. உடன் கொண்டுவந்த சேகரிப்பு கண்ணெதிரே சாம்பலாயிற்று. பத்து நாட்கள் படகில் தத்தளித்து உயிர் தப்பினார்.

ஒரு குறிப்பேடு தொலைந்தாலே நாம் சோர்ந்து விடுகிறோம். அவரோ 1854-இல் மலேயத் தீவுக் கூட்டத்திற்குப் புறப்பட்டார். எட்டு ஆண்டுகளில் 1,25,000-க்கும் மேற்பட்ட உயிரின மாதிரிகளைச் சேர்த்தார்.

1856-இல் பாலித் தீவிலிருந்து லொம்போக் தீவுக்குச் சென்றார். பாலியில் ஆசியப் பறவைகள்; லொம்போக்கிலோ ஆஸ்திரேலிய இனத்தைச் சேர்ந்த வெண்ணிறக் கொண்டைக் கிளிகள்! நம் நிலப்பட நூலில் அத்தீவுகளுக்கிடையே விரல்நுனி அளவு இடமும் இல்லை. ஆயினும் இடையிலுள்ள கடல் மிக ஆழமானது. பனியூழியில் கடல்மட்டம் தாழ்ந்தபோதும் அது வற்றாமல் இரு பக்கத்து உயிர்களையும் பிரித்து நின்றது. அந்த எல்லையே வாலஸ் கோடு. 1876-இல் விலங்குகளின் புவிப்பரவல் பற்றிப் பெருநூல் வெளியிட்ட அவர், 1913-இல் மறைந்தார்.

இழந்தபின்னும் மீண்டும் தொடங்கும் மனத்திடத்தை நாமும் பெறுவோமாக!