கைரானாவிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வரை

நம் வீடுகளில் பெரும்பாலும் கர்நாடக சங்கீதமே ஒலிப்பதால், உஸ்தாத் அப்துல் கரீம் கான் என்னும் பெயரை நம்மில் பலர் கேட்டிருக்க மாட்டோம். இந்துஸ்தானி இசையின் இப்பெரும் வித்துவான் கடைசியாகப் பாடியது நமது தமிழ் மண்ணில். ஆகவே அவரைப் பற்றிச் சிறிது அறிந்து கொள்வோம்.

வட இந்தியாவில், இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள கைரானா என்னும் ஊரில் 1872ஆம் ஆண்டு பிறந்தார். பாட்டும் சாரங்கியும் பரம்பரையாக வந்த குடும்பம். தந்தை காலே கானிடமும் உறவினர் அப்துல்லா கானிடமும் பயின்றார். சாரங்கியில் வில் இழையும்போது ஒரு சுரம் மற்றொன்றில் வழுக்கிக் கொண்டு போய்ச் சேரும் அல்லவா? அவருடைய மெல்லிய குரலும் அவ்வாறே. அவசரமே கிடையாது. ஒரு சுரத்தில் நெடுநேரம் நின்று, அது சுருதியோடு முற்றிலும் ஒன்றிய பிறகுதான் அடுத்ததற்கு நகர்வார். ஊரின் பெயரால் இந்தப் பாணி கிரானா கரானா என்று வழங்குகிறது.

இளவயதில் பரோடா சமஸ்தானத்தில் பாடினார். அங்கே அரச குடும்பத்தைச் சார்ந்த தாராபாய் அவரிடம் பாட்டுக் கற்றார். இருவரும் ஊரை விட்டு வெளியேறி பம்பாய் சென்று இல்லறம் நடத்தினர். 1913இல் பூனாவில் ஆர்ய சங்கீத வித்யாலயம் என்னும் பள்ளியைத் தொடங்கினார். சவாய் கந்தர்வர் என்று பின்னாளில் புகழ்பெற்ற சீடரை, எட்டு ஆண்டுகள் கற்பதானால் மட்டுமே ஏற்பதாக நிபந்தனை விதித்தாராம். வாரம் ஒரு மணி நேர வகுப்புக்குப் பிள்ளைகளைக் காரில் கொண்டுபோய் விடும் நமக்கு இது மலைப்பாக இருக்கிறது! அந்தச் சீடரிடம் கற்றவர்களே கங்குபாய் ஹங்கலும் பீம்சேன் ஜோஷியும்.

ஊரார் பிள்ளைகளை உருவாக்கியவருக்குச் சொந்தக் குடும்பம் நிலைக்கவில்லை. 1922இல் தாராபாய் ஐந்து பிள்ளைகளுடன் பிரிந்து சென்றார். சுரேஷ்பாபு மானே, ஹீராபாய் படோதேகர், சரஸ்வதி ராணே என்று அவர்கள் பெரும் பாடகர்களாக விளங்கினர். ஆனால் அப்பெயர்களில் தந்தையின் பெயர் இல்லை. இசையில் மட்டும் அவர் இருந்தார். கான் சாகிப் மிராஜில் தங்கிவிட்டார்.

மைசூர் அரண்மனைக்கு அடிக்கடி சென்று பாடியதால் நமது சங்கீதம் அவருக்கு நெருக்கமாயிற்று. சுரம் பாடும் முறையை அதிலிருந்து எடுத்துக் கொண்டார். தியாகராஜ சுவாமிகளின் கரஹரப்பிரியா கீர்த்தனை ஒன்றை இசைத்தட்டிலும் பாடியிருக்கிறார். தெலுங்கு அறிந்தோர் உச்சரிப்பில் குறை காணலாம். எங்களுக்கு அந்தச் சுருதி சுத்தமே போதும்.

1937 அக்டோபரில் சென்னையிலிருந்து ரயிலில் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். வழியில் நெஞ்சு வலி கண்டது. சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் சீடர்கள் இறக்கி, நடைமேடையில் விரிப்பு விரித்தனர். தொழுகை செய்து, தம்பூராவைச் சுருதி கூட்டச் சொல்லி, தர்பாரி ராகத்தில் இறைவனைப் பாடியவாறே அடங்கினார் என்பர். உடல் மிராஜுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்குள்ள தர்காவில் அடக்கம் செய்யப்பட்டது.

ஊருக்குச் செல்லும்போது நரசிம்மப் பெருமாளைத் தரிசிக்க அந்த நிலையத்தில் இறங்கும் அன்பர்கள், நடைமேடையில் ஒரு நிமிடம் நின்று செல்லலாம்.