விஆர் ஹெட்செட்டுக்கு 1838-லேயே விதை போட்ட கூச்ச சுபாவி!

விஆர் ஹெட்செட் மாட்டியதும் மலை உச்சியில் நிற்கிற மாதிரி கால் கூசுதா? உங்க கண்ணுக்கு முன்னாடி இருக்கிறது ரெண்டு தட்டையான படம்தான். பள்ளத்தைத் தோண்டுறது உங்க மூளை! இதை முதலில் செய்து காட்டியவர் சார்லஸ் வீட்ஸ்டோன்.

1802-ல் இங்கிலாந்தில் பிறந்தார். இசையே குடும்பத் தொழில். 1821-ல் லண்டனில் ஒரு வித்தை காட்டினார். கூரையிலிருந்து தொங்கிய யாழ், யாரும் தொடாமலே இசைத்தது! மேல்மாடியில் வாசித்த கருவிகளின் அதிர்வு, கம்பி வழியா யாழுக்கு இறங்கியது. அவ்ளோதான் ரகசியம்.

1834-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். ஆனா மேடை ஏறினாலே கூச்சம். அவரோட ஆய்வுகளைப் பலமுறை நண்பர் மைக்கேல் ஃபாரடேதான் மேடையில் விளக்கினார்.

மூக்குக்கு முன்னாடி ஒரு விரலை நீட்டி, ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க. விரல் இடம் மாறும். ரெண்டு கண்ணும் பார்க்கிற காட்சி வேற வேற. அந்த வித்தியாசத்திலிருந்துதான் மூளை ஆழத்தைக் கணக்கிடுதுனு 1838-ல் ராயல் சொசைட்டியில் நிரூபித்தார் வீட்ஸ்டோன். செங்கோணத்தில் ரெண்டு கண்ணாடி, பக்கத்துக்கு ஒரு கோட்டோவியம். இதுதான் ஸ்டீரியோஸ்கோப். நிழல், வண்ணம் எதுவும் இல்லாத வெறும் கோடுகள் கனமான பொருளா எழுந்து நின்றன!

1852-ல் இன்னொரு கருவி. இடது கண் காட்சியை வலதுக்கும், வலதை இடதுக்கும் மாற்றித் தந்தார். உருண்டைப் பந்து குழிந்த கிண்ணமா தெரிந்தது. பந்து மாறலை, பார்வைதான் மாறியது.

இதற்கிடையே டேவிட் ப்ரூஸ்டர் உருவாக்கிய லென்ஸ் வகை ஸ்டீரியோஸ்கோப், 1851 லண்டன் கண்காட்சிக்குப் பிறகு வீடுவீடா பரவியது. பிறகு, கண்டுபிடிப்பின் பெருமையே வீட்ஸ்டோனுக்குச் சேராதுனு ப்ரூஸ்டர் கிளப்ப, 1856-ல் பத்திரிகையிலேயே சண்டை. மேடைக்குக் கூசியவர், பேனாவால் விடாமல் பதில் சொன்னார்.

1875-ல் பாரிஸில் இறந்தார். இன்றைய ஹெட்செட்டும் கண்ணுக்கு ஒரு படம்ங்கிற அவரோட விதியில்தான் இயங்குது.

அப்போ பார்க்கிறதெல்லாம் பொய்யா? இல்லை. படிக்கட்டில் தடுக்காம இறங்க வைக்கிறதும் மூளையோட இதே கணக்குதான். ஆனா அந்தக் கணக்குக்கு வேண்டிய படத்தை வேறொருத்தர் கொடுத்தாலும், மூளை அதே நம்பிக்கையோட உலகத்தைக் கட்டிடும். அதனால ஹெட்செட் மாட்டும்போது, படத்தைக் கொடுக்கிறது யார்னு ஒரு நொடி யோசிங்க!