அடுப்படி வரை வந்த ஆடிட்டர்

சித்திரை மாதத்து நடுப்பகலில் திண்டுக்கல்லில் அடுப்படியில் நிற்பது ஒரு தவம். வெளியே மலைக்கோட்டைப் பாறை தகிக்கும். உள்ளே அடுப்பு எரியும். இதே மாவட்டத்தில், கொடைக்கானல் மலைமேல், பழைய பங்களாக்களில் குளிர்காயக் கணப்பு உண்டு. கீழே சமவெளியிலோ வீட்டுக்குள் நெருப்பு என்றால் சோறு பொங்கும் அடுப்பு ஒன்றுதான்.

அந்த அடுப்புக்கு ஆகும் செலவு என்ன? விறகு விலை எல்லோருக்கும் தெரியும். ரிப்பேர்ச் செலவை யாரும் எழுதி வைப்பதில்லை. ஐப்பசி மழையில் ஈரம் ஏறினால் மண் அடுப்பின் குமிழ் உதிரும். இரும்பு அடுப்பு துருப்பிடிக்கும். புகை குடித்துக் கண் எரிந்து இருமும் பெண்களின் உடம்புக்கு ஆகும் ரிப்பேரோ எந்தக் கணக்கிலும் வராது.

இப்படி வராத கணக்குகளையெல்லாம் வரவழைத்துப் பார்த்த தமிழர் ஒருவர் இருந்தார். அவர்தான் ஜே. சி. குமரப்பா.

பட்டுடுத்திய ஆடிட்டர்

1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் குமரப்பா பிறந்தார். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். லண்டன் சென்று கணக்குத் தணிக்கை படித்துத் தேறினார். பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் நடத்தினார். நடை உடை எல்லாம் வெள்ளைக்காரப் பாணி. கைநிறையச் சம்பாத்தியம்.

1927இல் அமெரிக்காவுக்குப் போனார். சிராக்யூஸ் சர்வகலாசாலையில் வணிக நிர்வாகம் படித்தார். பிறகு நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையில் சேர்ந்தார். ஒரு நாள் அங்கே ஒரு மாதா கோயிலில், இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பது பற்றிப் பேசினார். அந்தச் செய்தி பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த அவருடைய பேராசிரியர் செலிக்மன், அதையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். சர்க்காரின் வரவு செலவுக் கணக்கைப் புரட்டப் புரட்ட, ஆடிட்டரின் கண் திறந்தது. வரி வாங்கப்படும் இடம் ஒன்று, பணம் செலவாகும் இடம் வேறு என்று கண்டார். ஊர்ப் பணம் ஊருக்குத் திரும்பாததே வறுமைக்கு வேர் என்று தெளிந்தார்.

ஊருக்குத் திரும்பியதும் அந்த ஆராய்ச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, 1929 மே 9ஆம் தேதி சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். உடம்பில் பட்டு உடை. சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்து ஒரு கிழவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்துத்தான் அவரே காந்திஜி என்று தெரிந்தது. உடையைப் பற்றிக் கவலைப்படாமல் ஆடிட்டரும் அந்தத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் எழுந்தது வேறு மனிதராக.

குஜராத்தில் கேடா ஜில்லா மாதர் தாலுகாவின் கிராமங்களை ஆராயும் வேலையைக் காந்திஜி அவரிடம் ஒப்படைத்தார். வீடு வீடாக வரவு செலவு எடுக்கப்பட்டது. பம்பாய்க் கம்பெனிகளின் பேரேட்டைப் பார்த்த கண், குடியானவன் வீட்டுச் சட்டி பானையைப் பார்க்கத் தொடங்கியது. பாட்டனார் பெயரான குமரப்பா என்பதே அவருடைய பெயராயிற்று.

காந்திஜிக்கும் அதே கணக்கு

1934 ஜனவரி 15இல் பீகாரில் பூகம்பம் வந்தது. ராஜேந்திர பிரசாத் நடத்திய நிவாரண வேலைக்குக் குமரப்பா கணக்குப் பொறுப்பேற்றார். ஊழியர்களுக்கு மிகச் சிக்கனமான தினப்படி நிர்ணயித்தார். காந்திஜி தம் குழுவோடு வந்தபோது, அந்தக் குழுவின் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். துன்பப்பட்டவர்களுக்காக வந்த பணம் அவர்களுக்கே போகவேண்டும் என்பது அவர் கட்சி. காந்திஜி கோபிக்கவில்லை, அந்த ஆண்டு டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் வார்தாவில் அமைந்தபோது, அதன் காரியதரிசிப் பொறுப்பு குமரப்பாவுக்கே கிடைத்தது.

மகன்வாடி அடுப்பு

சங்கத்தின் இருப்பிடத்துக்கு மகன்வாடி என்று பெயர். காந்திஜியின் உறவினரும் தொண்டருமான மகன்லால் காந்தியின் நினைவாக வைத்த பெயர் அது. அங்கே கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், கைக்காகிதம், தேனீ வளர்ப்பு என்று பல பரிசோதனைகள் நடந்தன. மண்ணெண்ணெய்க்குப் பதில் உள்ளூர்த் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கு செய்தார்கள். மண்ணெண்ணெய் வாங்கும் காசு கடல் தாண்டிப் போகிறது. உள்ளூர் எண்ணெய்க்குக் கொடுத்த காசு செக்கடியிலேயே நிற்கிறது. விளக்கில் எரிவது எது என்பதோடு, காசு போகும் வழி எது என்றும் பார்த்தார்கள்.

அதே பட்டறையில் பிறந்த புகையில்லா மண் அடுப்புக்கு மகன் சூலா என்ற பெயர் நிலைத்தது. அதன் அமைப்பு எளிது. விறகு எரியும் வாய் ஒன்று. அதன்மேல் முதல் பாத்திரம். அங்கிருந்து அனல் உள்வழியாகப் போய் அடுத்த பாத்திரத்தையும் சூடாக்கும். மிச்சப் புகை குழாய் வழியே கூரைக்கு மேலே போய்விடும். மண், வைக்கோல், சாணம் போதும். விரிசல் விட்டால் வீட்டுப் பெண்களே ஒரு கை மண் குழைத்துப் பூசிவிடலாம். ரிப்பேருக்காகக் காசு ஊர் எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை.

1942க்குப் பின் சிறைவாசத்தின்போது குமரப்பா நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு நூல் எழுதினார். அது 1945இல் வெளிவந்தது. நிலக்கரியும் பெட்ரோலும் தொட்டித் தண்ணீர் போன்றவை. இறைக்க இறைக்கத் தீரும். தீரத் தீரச் சண்டை வரும். மரமும் பயிரும் ஓடும் ஆறு போன்றவை. வளரும் அளவுக்குள் எடுத்தால் வற்றாது. பொருளாதார சாஸ்திரம் முழுவதையும் ஓர் அடுப்பின் முன் உட்கார்ந்து விளங்கிக்கொள்ளலாம் என்பது போன்ற எளிமை அது.

திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டி அருகே 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கியபோது, அதே கிராமத் தொழில் எண்ணம்தான் இந்தச் சமவெளியிலும் வேரூன்றியது.

பின்னால் வந்த பாடம்

1980களில் மத்திய சர்க்கார் நாடெங்கும் புகையில்லா அடுப்புத் திட்டம் நடத்தியது. 3 கோடிக்கு மேல் அடுப்புகள் வழங்கப்பட்டன. பல அடுப்புகள் சில ஆண்டுகளிலேயே மூலையில் கிடந்தன. குழாயில் கரி அடைத்தது. சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தவர் இல்லை. உடைந்தது, சரிசெய்ய ஆள் இல்லை. 2002இல் திட்டம் முடிந்தது. அடுப்பைக் கொடுத்தார்கள், ரிப்பேருக்கு வழி செய்யவில்லை. குமரப்பாவின் கணக்கில் முதல் வரியாக இருக்கவேண்டியது, இங்கே விட்டுப்போய்விட்டது.

மண் அடுப்பு தோற்ற இடத்தில் காஸ் அடுப்பு வென்றது. பெண்கள் அதை விரும்பியதில் தப்பில்லை. கண் எரிச்சல் நின்றது. ஆனால் அந்த எரிவாயு தொட்டித் தண்ணீர்தான். சிலிண்டர் விலையை ஊரார் நிர்ணயிப்பதில்லை. பர்னர் அடைத்தாலோ, குமிழ் தேய்ந்தாலோ, தெருவில் குரல் கொடுத்து வரும் ரிப்பேர்க்காரரைக் கூப்பிட வேண்டும். அவராவது ஊர்க்காரர், அவர் கூலி ஊரிலேயே புழங்கும்.

கல்லுப்பட்டிக் குடிசை

சுதந்திரத்துக்குப் பின் காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் கமிட்டிக்குக் குமரப்பா தலைமை தாங்கினார். பதவி தேடவில்லை. உடல்நலம் குன்றியதும், மதுரைக்குத் தென்மேற்கே தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனத்தில் ஒரு சிறு வீட்டில் தங்கினார். அங்கே இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று காந்திஜி, அவரைத் தம் குரு என்பார். மற்றது ஓர் ஏழைக் குடியானவர். அவரைக் குருவின் குரு என்று வருகிறவர்களுக்கு அறிமுகம் செய்வார்.

1960 ஜனவரி 30, காந்திஜி மறைந்த அதே தேதியில், சென்னையில் குமரப்பா காலமானார். மணம் செய்துகொள்ளாதவர், சொத்துச் சேர்க்காதவர்.

அவர் விட்டுப்போனது ஒரு கேள்விதான். அடுப்பு வாங்கும்போது நாம் விலையை மட்டும் கேட்கிறோம். இது பழுதானால் சரிசெய்பவர் யார், அந்தக் காசு எந்த ஊருக்குப் போகும், இதன் எதிரே நிற்பவளின் உடம்பு என்ன ஆகும் என்றும் கேட்கவேண்டும் என்பதே அவர் வாழ்க்கை சொல்லும் கணக்கு. சித்திரை வெயிலில் அடுப்படியில் நிற்கிறவளுக்கு அந்தக் கணக்கு எப்போதும் தெரியும். வீட்டில் மற்றவர்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.