டாக்டர் சுப்பாராவ் விட்டுச்சென்ற செல்வம்

வேங்கடமலைச் சாரலில் தமிழையும் தெலுங்கையும் இரு கண்களெனப் போற்றி வாழ்பவர் நாம். ஆந்திர மண்ணில் பிறந்து, சென்னையில் கற்று, உலகிற்கே மருந்தளித்த மேதை டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களை இவ்வாண்டு மலரில் நினைவுகூர்தல் நம் கடமையாகும்.

1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் பீமவரத்தில் அவர் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறையே தேறினார். தேர்வில் தவறிய பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் இதனை மனத்திற் கொள்வாராக! சென்னை மருத்துவக் கல்லூரியில் பயிலுங்கால், காந்தியடிகளின் வழிநின்று கதராடை உடுத்தினார். அதனால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக எல்.எம்.எஸ். தகுதியே பெற்றார். ஸ்ப்ரூ என்னும் கொடிய வயிற்று நோய்க்கு உடன்பிறந்தார் இருவரைப் பறிகொடுத்த துயரம் அவர் நெஞ்சில் ஆறாப் புண்ணாயிற்று.

பின்னர் அமெரிக்கா சென்று, மருத்துவமனையில் ஏவற்பணி செய்து பிழைத்துக்கொண்டே ஹார்வர்டில் ஆராய்ச்சி புரிந்தார். 1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு அவருடைய குழுவினர் 1945-இல் ஆக்கிய போலிக் அமிலம், அந்த ஸ்ப்ரூ நோய்க்கே மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கும் மருந்து கண்டனர். அவர் மேற்பார்வையில் டக்கர் என்னும் முதுபெரும் அறிஞர், மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றினின்று எடுத்த ஆரியோமைசின் 1948-இல் வெளிவந்தது. டெட்ராசைக்ளின் இன மருந்துகளுள் முதலாவது இதுவே. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தாய்நாட்டை மீண்டும் காணாமலே 53-ஆம் வயதில் அப்பெருமகனார் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற செல்வத்தை நாம் காத்தோமா? 1953-லேயே டெட்ராசைக்ளினுக்கு அடங்காத சீதபேதிக் கிருமி காணப்பட்டது. மருந்துக்கு மாளாத சில கிருமிகள் எஞ்சிப் பெருகுகின்றன. தம் வலிமையைப் பிற கிருமிகளுக்கும் வழங்குகின்றன. கோழிகள் விரைந்து வளர, தீவனத்திலும் இம்மருந்துகளைக் கலந்தமையால் கேடு மிகுந்தது. கடைசிப் புகலாக விளங்கும் கோலிஸ்டின் மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அளிப்பதை இந்திய அரசு 2019-இல் தடை செய்தது. அதற்கு முன்பே, 2012-இல் சென்னையில் கூடிய மருத்துவ அறிஞர்கள் இக்கேட்டைத் தடுக்கத் திட்டம் வகுத்தனர். அது சென்னைப் பிரகடனம் எனப்படும்.

நம் பங்கு யாது? சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் மருந்துக்கடையில் நாமே கேட்டு இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். சளி பெரும்பாலும் வைரசால் வருவது; ஆண்டிபயாடிக் அதனை அணுவளவும் அசைக்காது. மருத்துவர் ஐந்து நாளுக்கு எழுதித் தந்தால், இரண்டாம் நாள் காய்ச்சல் தணிந்ததும் நிறுத்திவிட்டு, மிச்சத்தை அண்டை வீட்டாருக்கு ஈகிறோம். இது ஈகையன்று, தீங்கே. நாள்தோறும் பல்லாயிரவர் வந்துசெல்லும் திருப்பதியில் கிருமிகளுக்குப் பயணச்சீட்டும் வேண்டுவதில்லை. இங்கே வலுப்பெற்றது நாளை எங்கும் பரவும்.

ஆதலின் சித்தூர், திருப்பதிவாழ் தமிழ்க் குடும்பத்தினர் மூன்று உறுதி பூணுவோமாக. மருத்துவர் சீட்டின்றி இம்மருந்து வாங்கோம். அவர் கூறிய அளவும் நாளும் தவறோம். மிச்ச மருந்தைப் பிறர்க்குத் தாரோம். சோப்பிட்டுக் கை கழுவுதலும் உரிய காலத்தில் தடுப்பூசி இடுதலும் நோயையே தடுத்து, மருந்தின் தேவையைக் குறைக்கும். ஓர் ஏழை மாணவர் வாழ்நாளெல்லாம் உழைத்து ஈட்டிய செல்வம், நம் பேரப்பிள்ளைகளுக்கும் பயன்படுவதாகுக!