படுக்கையில் கிடந்தவர்களைப் பந்தாட வைத்த டாக்டர்

1917-ம் ஆண்டு. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம்.

ஜெர்மனியில் கோனிக்ஸ்ஹூட்டே என்று ஓர் ஊர். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த ஊர். (இப்போது அது போலந்து நாட்டில் இருக்கிறது.) அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒரு சுரங்கத் தொழிலாளியைத் தூக்கி வந்தார்கள். வாட்டசாட்டமான ஆள். ஆனால், முதுகெலும்பு முறிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை.

அங்கே எடுபிடி வேலை பார்த்துவந்த ஒரு வாலிபர், நோயாளியின் நிலையைக் காகிதத்தில் குறித்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவரைத் தடுத்தார். எழுதி என்ன பயன், இந்த ஆள் ஆறு வாரத்தில் செத்துவிடுவான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதுபோலவே நடந்தது. ஐந்து வாரத்தில் தொழிலாளி இறந்தார்.

அவரைக் கொன்றது எலும்பு முறிவு அல்ல. படுக்கைப் புண்ணும், மூத்திரத்தில் பிடித்த சீழும்தான் கொன்றன. இதை அந்த வாலிபர் சாகும்வரை மறக்கவில்லை. அவர் பெயர் லுட்விக் குட்மான்.

60 உயிர்கள்

குட்மான் 1899-ல் பிறந்தவர். யூதர். டாக்டருக்குப் படித்தார். பிரெஸ்லாவ் நகரில் மூளை, நரம்பு வைத்தியத்தில் பெயர் எடுத்தார்.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத டாக்டர்கள் வேலையிலிருந்து விரட்டப்பட்டார்கள். குட்மானுக்கும் வேலை போயிற்று. அவர் யூதர்களின் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பிறகு அதன் தலைவரானார்.

1938 நவம்பர் 9-ந் தேதி இரவு. ஜெர்மனி முழுவதும் யூதர்களின் கோவில்களுக்குத் தீ வைத்தார்கள். கடைகளை உடைத்தார்கள். கண்ணில் பட்ட யூத ஆண்களைப் பிடித்துக் கொடுஞ்சிறைக்கு அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு யார் ஓடிவந்தாலும், ஒரு கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும்படி குட்மான் உத்தரவு போட்டார். அன்று இரவு 64 பேர் வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் ரகசியப் போலீஸ் வந்தது. ஒரே இரவில் இத்தனை நோயாளிகளா என்று கேட்டது. குட்மான் அவர்களைக் கட்டில் கட்டிலாக அழைத்துப் போனார். இவருக்கு இந்த வியாதி, அவருக்கு அந்த வியாதி என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, முகத்தைக் கோணிக் காட்டினார். படுத்திருந்தவரும் அதேபோல் முகத்தைக் கோணினார். உடனே, இவருக்கு வலிப்பு வந்திருக்கிறது பாருங்கள் என்றார்!

64 பேரில் 60 பேர் தப்பினார்கள்.

1939-ல் அவருக்கு ஒரு வழி பிறந்தது. போர்ச்சுகல் நாட்டில் ஒரு முக்கியஸ்தரின் நண்பருக்கு வைத்தியம் செய்ய, நாஜி அரசாங்கமே அவரை அனுப்பியது. திரும்பும்போது அவர் லண்டனில் இறங்கினார். அகதிகளான படிப்பாளிகளுக்கு உதவும் சங்கம் ஒன்று அங்கே இருந்தது. அந்தச் சங்கத்தின் உதவியால், அதே ஆண்டு மார்ச் மாதம் மனைவி, இரண்டு குழந்தைகளுடன் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார்.

இரண்டு மணிக்கு ஒரு தடவை

சில ஆண்டுகள் ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி செய்தார். ஆராய்ச்சியாளராகக் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்தது. பிரான்சில் இறங்கப் படைகள் தயாராகிக்கொண்டிருந்தன. குண்டடி பட்டு முதுகெலும்பு முறிந்த சிப்பாய்கள் ஏராளமாக வருவார்கள் என்று பிரிட்டிஷ் அரசாங்கத்துக்குத் தெரியும். முதல் உலகப் போரில் இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் இறந்துபோனார்கள். அவர்களுக்கென்று ஒரு தனிப் பகுதியை நடத்தும்படி குட்மானைக் கேட்டார்கள்.

என் இஷ்டப்படி வைத்தியம் செய்யவிடுவதானால் வருகிறேன் என்றார் அவர். அரசாங்கம் ஒப்புக்கொண்டது. 1944 பிப்ரவரி 1-ந் தேதி, லண்டனுக்கு வடமேற்கே உள்ள ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் அந்தப் பகுதி திறக்கப்பட்டது.

அவருடைய வைத்தியத்தில் மாயம் எதுவும் இல்லை. நோயாளிகளை அடைத்துவைத்த மாவுக்கட்டுகளை எடுத்து எறிந்தார். இரண்டு மணிக்கு ஒரு தடவை, இரவும் பகலும், ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும் என்றார். ஒரே பக்கம் படுத்தால்தானே புண் வரும்? மூத்திரக் குழாயைச் சுத்தமாக வைக்கவேண்டும் என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை. நடு ராத்திரியில் திடீரென்று வந்து நிற்பார். நர்சுகள் புரட்டிப் போடுகிறார்களா என்று பார்ப்பார். தாமே புரட்டியும் போடுவார்.

குட்மான் சாந்தமானவர் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய கோபக்காரர். தாம் சொன்னதுதான் சட்டம் என்பார். நோயாளிகள் அவரைக் கண்டு பயந்தார்கள். அதே நோயாளிகள் அவரை "அப்பா" என்றுதான் கூப்பிட்டார்கள்.

உயிர் பிழைத்தவர் என்ன செய்வது? ஆயுள் முழுவதும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதா? அதற்கா காப்பாற்றினோம்? ஊனமுற்றவர் தானே சம்பாதித்து, அரசாங்கத்துக்கு வரி கட்டும் ஆளாக வெளியே போகவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆஸ்பத்திரிக்குள்ளேயே தச்சுப் பட்டறை வந்தது. கடிகாரம் ரிப்பேர் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

16 பேர்

பிறகு விளையாட்டு வந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, கைத்தடியால் தட்டி ஆடும் ஒருவகைப் போலோ. அதில் அடிதடி அதிகமானதால் பந்தாட்டத்துக்கு மாறினார்கள். வில்லும் அம்பும் வந்தன. வில் பிடிக்கக் கால் எதற்கு? தோளிலும் கையிலும் பலம் இருந்தால் போதும். காலுள்ளவரோடு சரிசமமாகப் போட்டி போடலாம்.

1948 ஜூலை 29-ந் தேதி லண்டனில் ஒலிம்பிக் பந்தயம் தொடங்கியது. அதே நாளில், ஆஸ்பத்திரிப் புல்தரையில் குட்மான் ஒரு வில் போட்டி நடத்தினார். கலந்துகொண்டவர்கள் 16 பேர். போரில் அடிபட்ட ஆண்களும் பெண்களும். எல்லோரும் சக்கர நாற்காலியில் இருந்தவர்கள்.

ஒலிம்பிக் பந்தயத்துக்கு ஈடாக இது ஒருநாள் வளரும் என்றார் குட்மான். கேட்டவர்கள் சிரித்திருக்கலாம். 1952-ல் ஹாலந்திலிருந்து ஊனமுற்ற சிப்பாய்கள் வந்தார்கள். சர்வதேசப் பந்தயம் ஆகிவிட்டது. 1960-ல் ரோம் நகரில், ஒலிம்பிக் முடிந்த சில நாட்களில், 23 நாடுகளிலிருந்து சுமார் 400 பேர் திரண்டார்கள். தங்கும் விடுதிகளில் மாடிப்படிகள் இருந்தன. சிப்பாய்கள்தான் வீரர்களை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினார்கள். படி இல்லாத கட்டிடம் கட்ட உலகம் அப்போது பழகியிருக்கவில்லை.

1961-ல் பிரிட்டனில் ஊனமுற்றோருக்காக ஒரு விளையாட்டுச் சங்கத்தை ஆரம்பித்தார். ஸ்டோக் மாண்டவிலில் ஒரு மைதானம் கட்டவேண்டும் என்று, விடாமல் நன்கொடை திரட்டினார். 1969-ல் எலிசபெத் ராணி அதைத் திறந்து வைத்தார். குட்மானுக்கு 1966-லேயே "சர்" பட்டம் கிடைத்துவிட்டது. நாட்டை விட்டுத் துரத்தப்பட்ட அகதிக்கு!

ஒரு குறையும் சொல்லவேண்டும். முதலில் இந்தப் பந்தயம் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு மட்டுமே. கண் பார்வை இல்லாதவர்களும், கை கால் இழந்தவர்களும் வெளியே நின்றார்கள். 1976-ல் கனடாவில் டொராண்டோ நகரில் நடந்த பந்தயத்தில்தான் அவர்களுக்கும் இடம் கிடைத்தது.

குட்மான் 1980 மார்ச் 18-ந் தேதி காலமானார். வயது 80. அந்த ஆண்டு ஒலிம்பிக்கை நடத்திய மாஸ்கோ, ஊனமுற்றோர் பந்தயத்தை நடத்தவில்லை. அது ஹாலந்தில் ஆர்னெம் என்ற ஊரில் நடந்தது. 1988-ல் சியோல் நகரில்தான், ஒலிம்பிக் நடந்த அதே மைதானங்கள் அவர்களுக்கும் திறந்தன.

இந்தியாவுக்கு முதல் தங்கம் 1972-ல் கிடைத்தது. 1965 போரில் குண்டடி பட்ட முரளிகாந்த் பெட்கர், ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரில் நீந்தி ஜெயித்தார்.

நம் சேலம் மாவட்டத்து மாரியப்பனை எல்லோருக்கும் தெரியும். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. சக்கர நாற்காலிக்காரர் அல்ல அவர். 2016-ல் ரியோ நகரில், 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார்.